மாரிமுத்து மண்டோரும் பெரட்டுச் சிரிப்பும்

நேற்று மாலை கிள்ளான் ரயிலில் வந்த சின்னப்பன், பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு வாசலில் நின்றபடியே, "கிராணியாரே, மண்டோரு தவறிட்டாருங்க" என்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கிள்ளான் ரப்பர் கிடங்கில் எங்களோடு இருந்தவர்களுக்கு எந்த மண்டோர் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முப்பது ஆட்களை வைத்து வேலை வாங்கிய மாரிமுத்து.

வேலை வாங்கினார் என்றால் அதட்டினார் என்றில்லை. பெட்டி தூக்க ஒருவன் திணறினால் மறுமுனையை அவரே பிடிப்பார். அவர் எடுத்துவிடும் கிண்டலில் கிடங்கே அதிரும். கப்பலுக்குப் பெட்டிகள் ஒருநாளும் தாமதமானதில்லை.

ரப்பர் விலை விழுந்த சமயம் புதுத் துரை வந்தார். ஆட்கள் முகத்தைத் தொங்கப்போடுவதால்தான் வேலை மந்தம் என்பது அவர் கண்டுபிடிப்பு! காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்ததும் எல்லாரும் கைதட்டி உரக்கச் சிரிக்க வேண்டும். சிரிக்காதவன் பெயருக்கு நேரே, பதிவேடு எழுதும் கிராணியான நான் புள்ளி வைக்க வேண்டும். மூன்று புள்ளி விழுந்தால் வேலை போய்விடும். ஒரே வாரத்தில் கிடங்குக்குள் பேச்சுச் சத்தமே அடங்கிப்போனது, பெட்டிகள் தேங்கின.

"சிரிப்பையும் வேலையாக்கிட்டாங்க. அது முடிஞ்சதும் களைச்சுப் போயிடறானுங்க" என்றார் மண்டோர்.

அப்போதுதான் சின்னப்பனின் மனைவி பிரசவத்தில் இறந்தாள். காரியம் முடிந்து வந்தவனுக்கு இரண்டு நாளும் சிரிப்பு வரவில்லை. இரண்டு புள்ளிகளையும் வைத்தது இந்தக் கைதான். என் வேலைக்குப் பயந்தேன். வேறு சமாதானம் என்னிடம் இல்லை. மூன்றாம் நாளும் அவன் தலை குனிந்தே நின்றான். நான் பேனாவை எடுத்ததும் மண்டோர் முன்னால் வந்தார்.

"பொணம் எடுத்த வீட்டுக்காரன்கிட்ட சிரிப்பு கேக்கக் கூடாதுன்னு தொரைகிட்ட சொல்லுங்க. புள்ளி வெச்சுத்தான் ஆகணும்னா, மூணையும் எம் பேருக்கு வெச்சிருங்க."

அங்கேயே நின்ற துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். துரை முகம் சிவந்து, "அப்படியே வை" என்றார். வைத்தேன்.

சின்னப்பனுக்கு வேலை தங்கியது. மண்டோருக்கு வேலை போன அந்த மாதமே பெட்டிகள் இரண்டு கப்பல்களைத் தவறவிட்டன. சிரிப்பு உத்தரவும் சத்தமில்லாமல் நின்றது. அவரை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாய் திறப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "அழுவுறதுன்னா அழுங்க கிராணியாரே. இங்க யாரும் எழுதிக்க மாட்டாங்க" என்றார். அழுதேன். அழுது முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இன்று என் கீழ் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வாடிய முகத்தோடு வருகிறவனை அந்த முகத்தோடேயே உள்ளே விடுகிறேன்.