தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அரிசி புடைக்க மட்டும்தான் சுளகு என்று நினைப்பவர்கள் என் அம்மாவிடம் வந்து குடித்தனம் படித்திருக்க வேண்டும். காலையில் உளுந்து புடைப்பாள். வெயில் ஏறியதும் அதே சுளகில் மோர்மிளகாய் காயும். தூறல் விழுந்தால் அது அவள் தலைக்குக் குடை. சோற்றுப் பானைக்கு மூடி, அணையப்போகும் அடுப்புக்கு விசிறி. கோழியை விரட்டவும் அதுதான், என் முதுகில் இரண்டு போடவும் அதுதான். பின்னலில் இடுக்கு விழுந்தால் வெந்தயத்தையும் காகிதத்தையும் அரைத்து மெழுகிக் காயவைத்துவிடுவாள்.

என் தம்பி பிறந்த பதினோராம் நாள் அவனையும் அந்தச் சுளகில்தான் கிடத்தினாள். சுதந்திரம் வந்ததற்கு மறுவருஷம் அது. எனக்கு எட்டு வயது. எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் மாதம் திரும்புமுன் போய்விட்டிருந்தார்கள். இவனையாவது காப்பாற்ற வேண்டும் என்று அம்மாவுக்கு வெறியே பிடித்திருந்தது.

அப்பா சுளகோடு பிள்ளையைத் தூக்கிப்போய்த் தெருக்கோடிக் குப்பைமேட்டில் வைத்தார். பெற்ற ஐந்து பிள்ளைகளையும் உயிரோடு வைத்திருந்த எதிர்வீட்டுச் சித்தி, ஏதோ தற்செயலாக வந்தவள்போல அவனை எடுத்தாள். எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"ஆரு பெத்த பிள்ளையோ, குப்பையில கெடந்துது. தவிடு குடுத்தா தாரேன், வேணுமா?"

அம்மா ஒரு படி தவிடு கொடுத்து, பெற்ற பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பெற்றவளுக்கே வேண்டாத குப்பை என்று எமன் ஏமாந்து போவானாம். அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஏட்டி, இவன் எதுத்த வீட்டுப் பிள்ளை. நம்ம வீட்ல வளருதான், அம்புட்டுதான். தம்பின்னு ஒரு வார்த்தை உன் வாயில வந்துது, கொன்னு போட்டுருவேன் பாத்துக்க."

அவளும் அப்படியே நடந்துகொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் கொடுப்பாள். கொஞ்ச மாட்டாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வரும். அவள் தண்ணீருக்குப் போகும் நேரம் பார்த்து, அவன் காதோடு காதாக, "தம்பி, தம்பி" என்று கூப்பிடுவேன். அவன் பொக்கைவாயைத் திறந்து சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் கூப்பிட்டேன்.

ஆறாம் மாதம் காய்ச்சல் கண்டது. கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசினோம். இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பா வைத்தியரைக் கூட்டிவரப் புளியங்குடிக்கு பஸ் ஏறினார். உச்சிவேளையில் பிள்ளைக்கு வெட்டு வந்து கை கால் இழுத்தது. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலறல் கேட்டு ஓடிவந்த சித்தி அவனை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, நீங்க தள்ளி நில்லுங்க. நீங்க அழுதா எமனுக்குத் தெரிஞ்சிரும். இது எம் பிள்ளை, எங்கயும் போவாது."

அம்மா தள்ளித்தான் நின்றாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவன் இன்னொருத்தி மடியில்தான் அடங்கினான். அதன் பிறகுதான் அம்மா வாய்விட்டு, "என் மவனே" என்றாள். அப்பா வைத்தியரோடு வந்து சேர்ந்தபோது வாசலில் கூட்டம் நின்றது.

மூன்று நாள் கழித்து, அடுப்படியில் அம்மா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நெசத்தைச் சொல்லு. நீ அவனைத் தம்பின்னு கூப்பிட்டியா?"

"இல்லம்மா."

தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அப்போ நாந்தான். ஒருநாள் பால் குடுக்கையில வாய் தவறி 'என் ராசா'ன்னுட்டேன். ஒரே ஒரு தரம்."

அடிக்குப் பயந்துதான் பொய் சொன்னேன். அவனைக் கொன்றது காய்ச்சல், எந்த வார்த்தையும் இல்லை என்று வளர்ந்தபிறகு எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. அதற்கப்புறம் முப்பது வருஷம் இருந்தாள். தான் ஒருதரம் சொன்ன சொல்தான் பிள்ளையைக் கொண்டுபோயிற்று என்று நம்பியே செத்தாள். நான் தினமும் கூப்பிட்டதை அவளிடம் சொல்லவே இல்லை.