சர்க்கரைக்கு ஒரு இலை

விழுப்புரத்தில் ஒரு நாளிதழின் அறிவியல், மருத்துவப் பக்கத்துக்கு நான்தான் பொறுப்பு. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வரத் தொடங்கிய காலத்தில், எங்களைப் போன்றவர்களுக்குச் செய்தியின் உண்மையைச் சரிபார்க்க ஆன்லைனில் பயிற்சி நடத்தினார்கள். ஒரு வகுப்பில், அவரவர் எழுதிய பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று தேடச் சொன்னார்கள்.

ஐந்தாறு வருடம் முன்பு எழுதியதை எடுத்தேன். ஒரு மூலிகை இலை சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும், வெளிநாட்டு ஆய்வில் தெரிந்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். தேடித் தேடிப் பார்த்தேன். அப்படி ஓர் ஆய்வே இல்லை. இலைப்பொடி விற்ற கம்பெனி அனுப்பிய குறிப்பை அப்படியே செய்தியாக்கியிருக்கிறேன்.

எனக்குப் பக்கத்துக் கெடார் கிராமத்து விவசாயி ஒருவரின் முகம் நினைவுக்கு வந்தது. கட்டுரை வந்த வாரம் பேப்பரோடு ஆபீசுக்கே வந்தவர். "இத்த நம்பி மாத்திரைய வுட்டுடலாமாம்மா?" என்று கேட்டார். எனக்கு அவசரம். "பேப்பர்ல பொய்யா போடுவோமாங்க?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கெடாருக்குப் போய் விசாரித்தேன். அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அவர் மனைவி மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"கால்ல புண்ணு வந்துச்சு, ஆறவேயில்ல. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. அப்பறம் ஒரு வருஷம்தான் இருந்தாரு."

"மாத்திரை?"

"நிறுத்திட்டாருங்க. பேப்பர்லயே போட்டுக்கிறாங்கன்னு அந்த இலையத் தின்னுக்கினு இருந்தாரு."

அதை எழுதியது நான்தான் என்றேன். அவர் கை அப்படியே நின்றது. பிறகு எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திருத்தம் போட நாளிதழ் ஆசிரியர் தயங்கினார். "இத்தனை வருஷம் கழிச்சு யாரும்மா கேக்கப்போறாங்க?" என்றார். விடாமல் கேட்டதில், உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது. அந்தப் பேப்பரோடு மறுபடியும் கெடாருக்குப் போனேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டினேன்.

அவர் அந்தப் பேப்பரை வாங்கி மடித்து வைத்தார்.

"இன்னும் யாராச்சும் அத்த தின்னுக்கினு இருப்பாங்களாம்மா?"

"தெரியலீங்க," என்றேன்.