மாப்பிள்ளைக்கு வால்வுப் பரீட்சை

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ வேலைக்குப் பேர்போன அந்தக் கார்ப் பட்டறையின் முதலாளிக்கு, முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருந்த பெயர் கண்கொத்தி. புது ஸ்பார்க் பிளக்கைக்கூட டப்பாவோடு முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். மனைவி உயிரோடு இருந்தவரை, அந்தம்மா "சர்க்கரை போட்டேங்க" என்று சத்தியம் செய்தாலும் ஸ்பூனை விட்டுக் கலக்கிப் பார்த்துத்தான் தேநீர் குடிப்பார். மனுஷன் அப்படி.

அவரிடம்தான் ஒரே மகள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து, "அப்பா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. நீங்க சரின்னு சொல்லணும்" என்று நின்றாள்.

அவனும் டர்போ வண்டிக்காரன். பரீட்சை வைக்க ரொம்ப வசதியாகப் போயிற்று.

"தம்பி, ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்ததும் டர்போ அழுத்தின காத்து போக வழி வேணும். உங்க வண்டிக்கு வெளிய விடற வால்வா, உள்ளயே திருப்பி விடறதா?"

வெளியே விடுகிற வால்வு 'புஸ்ஸ்' என்று தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கும். ஜம்பக்காரன் அதைத்தான் கேட்பான். ஆனால் அவன் வண்டி, உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ப பெட்ரோல் விடுகிற வகை. அளந்த காற்றை வெளியே விட்டால் பெட்ரோல் மிஞ்சிக் கரும்புகை கக்கும், சிக்னலில் அணைந்துபோய் மானத்தை வாங்கும்.

"உள்ளயே திருப்பறதுதான் சார் சரி. அளந்த காத்து வெளிய போகக் கூடாதில்ல?"

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அதுதான் கண்கொத்தியை உறுத்தியது. மகள் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருப்பாளோ?

பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே திருப்புகிற வால்வுதான் இருந்தது, ஆனால் பளபளவென்று. ரப்பர் குழாயெல்லாம் தூசி. பழைய கிளிப் அழுத்திய தடம் ஓர் இடத்தில், புதுக் கிளிப் விரல் தள்ளி வேறோர் இடத்தில்.

"நேத்துதான் மாட்டியிருக்கு! வண்டியிலயே வேஷம் கட்டறவன் வீட்ல என்னென்ன கட்டுவான்?"

அவன் முகம் செத்துவிட்டது. வாயைத் திறந்தவனை மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாத்த வெச்சது நான்ப்பா. இருக்கறபடியே பாக்கட்டும்னுதான் இவர் சொன்னாரு. நான்தான் கெஞ்சினேன்."

"எதுக்கு?"

"பழைய வால்வு வெளிய விடறது, அந்த 'புஸ்ஸ்' சத்தம் கேட்டா வாசல்லயே விரட்டிடுவீங்க. பாட்டு கிளாஸுக்குப் போனா யாரோட போறன்னு கேட்டீங்க, விட்டுட்டேன். சிநேகிதி வீட்டுக்குப் போனா பின்னாலயே வந்து நின்னீங்க, அவளையும் விட்டுட்டேன். இவரை விட முடியலப்பா. அதான் இந்தப் பொய்."

கண்கொத்திக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பெண் தன்னிடம் இவ்வளவு பயந்து கிடந்திருக்கிறாள், ஊரில் உள்ள பொய்யையெல்லாம் மோப்பம் பிடித்தவருக்கு அது தெரியவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அந்தப் பழைய வால்வு எங்கம்மா?" என்றார் கடைசியில், அதையே திருப்பி மாட்ட ஸ்க்ரூடிரைவரை எடுத்தபடி, தன்னால் முடிந்த அளவு தணிந்த குரலில்.

மகள் அசையவில்லை. அவரைப் போலவே கண்ணை இடுக்கிக்கொண்டு, "எதுக்குப்பா கேக்கறீங்க?" என்றாள்.