எங்கள் வீட்டு பி.பி. எண்

தொலைபேசி வந்த சில வாரங்களிலேயே எங்கள் எண் தெருவுக்குப் பொதுவாகிவிட்டது. மைசூரில் அப்போது எல்லா வீட்டிலும் போன் கிடையாது. இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து, கூடவே பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படி அச்சடிப்பார்கள். மணி அடித்தால் நாம் ஓடிப்போய் ஆளை அழைத்துவர வேண்டும். என் கணவருக்கு அதில் கொஞ்சம் பெருமை. எனக்கு, கைக்குழந்தையைத் தூங்கவைத்த மறுநொடி மணி அடிக்கிறதே என்று ஆத்திரம். ஆனாலும் யாரையும் வராதே என்று சொன்னதில்லை. சொன்னால் என்ன நினைப்பார்களோ.

பின்பக்கத்துத் தகரக் கூரை அறையில் ஒரு தம்பதி குடியிருந்தார்கள். ஹனூர்ப் பக்கத்துத் தமிழர்கள். அவன் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுபவன், அவள் அதே இடத்தில் சித்தாள். பள்ளி கெடக்கூடாது என்று மகளை ஹனூரில் அவளுடைய அண்ணன் வீட்டில் விட்டிருந்தார்கள். ஞாயிறு காலை அந்தப் பெண் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவாள். எனக்கு அவள் வைத்த பெயர் டெலிபோன் அத்தை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சாதாரண உடையில் இரண்டு பேர் வந்தார்கள். போலீஸ் என்று சொன்னார்கள். மூத்தவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தது எனக்கு ஏனோ இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"ஏனம்மா, இந்த நம்பர் உங்களதுதானே?" கன்னடமும் தமிழுமாகப் பேசினார். "ஹனூர் பூத்திலேர்ந்து வாராவாரம் இங்கே போன் வருது. ஒரே கிழமை, ஒரே நேரம். யாருக்கு?"

அந்த வருடங்களில் ஹனூரை ஒட்டிய காட்டில் ஒரு கும்பலைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. காட்டுக்குள் அரிசி போகிறது, செய்தி போகிறது என்று அந்தப் பக்கத்துத் தமிழர்கள் எத்தனையோ பேரைப் பிடித்துக்கொண்டுபோயிருந்தார்கள். விசாரணைக்கு மலை முகாமுக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது நொண்டி நடந்த நடையைப் பற்றித் தெருவில் தணிந்த குரலில் பேசிக்கொள்வார்கள். போன் என் கணவர் பெயரில் இருந்தது. அவருக்குத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. தமிழர். 

பின்வீட்டுக்காரி பெயரைச் சொன்னேன். அவள் மகள் பேசுகிறாள் என்றும் சொன்னேன்.

"குழந்தைதான் பேசுதுன்னா ஏன் ஒரே நேரத்துல?"

"தெரியாது."

உண்மையில் அந்த நேரத்தில் தெரியவில்லை. அவர்கள் போன பிறகு, பால் பொங்கி அடுப்பை அணைத்தபோதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி.க்குப் பாதிக் கட்டணம். காலையிலேயே போனால் வரிசை இருக்காது. நானே என் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறேன். இது எப்படி மறந்தது? தெரியாது என்று சொன்னதைவிட அந்தப் பெயரையே சொல்லாமல் இருந்திருக்கலாமோ? சொல்லாவிட்டால் என் கணவரைக் கேட்டிருப்பார்கள். பொய் சொல்லியிருந்தால்? அதுவும் கண்டுபிடித்திருப்பார்கள்.

மறுநாள் காலையில் கம்பி கட்டுபவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ராத்திரி அனுப்பிவிட்டு, விடிந்ததும் வந்து உட்காரச் சொன்னார்களாம். ஞாயிறுக்குள் விவரம் சரியாகாவிட்டால் மலை முகாமுக்கு அனுப்பிவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"இவரு கம்பி கட்டறதைத் தவிர என்னத்தக் கண்டாருங்கக்கா," என்றாள் அவன் மனைவி. "கடையில போய் ஒரு டீ கேக்கவே கூச்சப்படற ஆளு." அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பெயரைச் சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போனது.

அன்று இரவு கணவரிடம் ஸ்டேஷனுக்குப் போய்வரட்டுமா என்று கேட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமா? போனை எடுத்தே ஆகணும்னு நம்மளை யாரு கட்டாயப்படுத்தினா? இந்த பி.பி.யே வேண்டாம்னு நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.  வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குக் கிளம்பியதும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வீட்டுக்காரியோடு ஸ்டேஷனுக்குப் போனேன். வழி நெடுகத் திரும்பிவிடலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

கம்பி கட்டுபவன் சுவரோரம் குத்துக்கால் இட்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, உடனே எழுந்தது தப்போ என்று மறுபடியும் உட்கார்ந்தான். நான் மூத்தவரிடம் அரைக் கட்டணத்தைப் பற்றிச் சொன்னேன். தேர்வில் ஒப்பிப்பதுபோல் மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஹௌது, ஆமாம். நானும் ஊருக்கு ஞாயித்துக்கிழமைதான் பண்றேன்." பிறகு சிரிப்பு நின்றது. "அப்படின்னா வர்ற ஞாயிறு நானே வந்து கேக்கறேன். குழந்தை பேசினா இவன் வீட்டுக்குப் போகலாம். ஊருக்கு முன்னாடியே சொல்லி வைக்காதீங்க. சொன்னா தெரிஞ்சுரும்."

ஞாயிறு காலை அவர் கோடு போட்ட சட்டையில் வந்து போனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டிப்பாம்பாகக் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவரே காபியும் கொண்டுவந்து கொடுத்தார். பின்வீட்டுக்காரி கதவருகில் நின்றாள். ஒருவேளை இன்றைக்கு அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால்? பூத் பூட்டியிருந்தால்? லைன் கிடைக்காவிட்டால்? குழந்தை சிணுங்கியதும் அதன் வாயில் என் விரலைக் கொடுத்தேன்.

மணி அடித்தது. நான் எழுவதற்குள் போலீஸ்காரரே எடுத்துவிட்டார்.

"ஹலோ, யாரு மாத்தாடோது?" யார் பேசுவது என்று கன்னடத்தில் கேட்டார்.

அந்தப் பக்கம் சட்டென்று வைத்துவிட்டார்கள். அவர் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். 

"ஆம்பளைக் குரல் கேட்டதும் வெச்சுட்டாங்க. குழந்தையா இருந்தா ஏன் வெக்கணும்?"

பின்வீட்டுக்காரி, "சாமி, சாமி," என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "அந்த ரிசீவரை வைங்க சார். நீங்க பிடிச்சிட்டிருந்தா அவங்க திரும்பக் கூப்பிட்டாலும் கிடைக்காது. இந்தத் தடவை நான் எடுக்கறேன்," என்றேன்.

அவர் வைத்தார். காபி டம்ளரில் ஏடு படிந்தது. தெருவில் ஒரு காய்கறிக்காரன் கூவிக்கொண்டே கடந்துபோன பிறகும் மணி அடிக்கவில்லை. பிறகு அடித்தது.

"டெலிபோன் அத்தை! யாரோ ஆம்பள எடுத்தாங்க. ராங் நம்பர்னு மாமா வெச்சுட்டாரு. மீட்டர் ஓடுதுன்னு கத்தறாரு. அம்மாவக் கூப்பிடுங்க, சீக்கிரம்!"

ரிசீவரைப் பின்வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். போலீஸ்காரர் எழுந்து தன் காதையும் அதனருகே கொண்டுபோனார். இரண்டு தலைகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. அந்தப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது. பல் விழுந்ததாம். வகுப்பில் ஒருத்தி ரப்பரைத் திருடிவிட்டாளாம். பேன் பார்க்கிறேன் என்று மாமி மயிரைப் பிடுங்குகிறாளாம். "நீ ஏம்மா பேசமாட்டேங்கற? கோவமா?"

"இல்ல கண்ணு. சொல்லு," என்றாள் தாய். 

"நேத்து ராத்திரி அழுதேன். மாமிகிட்ட சொல்லிறாத."

போலீஸ்காரர் காதை எடுத்துக்கொண்டார். "சாகு பிடி," என்று முணுமுணுத்தார். கன்னடத்தில், போதும் விடுங்கள் என்று அர்த்தம். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மத்தியானத்துக்குள் கம்பி கட்டுபவன் வீட்டுக்கு வந்துவிட்டான். வந்ததும் குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

அன்றிரவு கணவர், "சும்மா சொல்லக்கூடாது, சாமர்த்தியம்தான்," என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ராத்திரி அழுததை மாமியிடம் சொல்லாதே என்று அந்தப் பெண் அம்மாவிடம் ரகசியமாகத்தான் சொன்னாள். அதைப் போலீஸ்காரர் கேட்டார், என் கணவர் கேட்டார், நான் கேட்டேன். அதற்கு முன்பும் அவள் சொன்னதை எல்லாம் வாராவாரம் நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்?

அடுத்த ஞாயிறு மணி அடித்ததும் பின்வாசலில் நின்று கூப்பிட்டேன். பின்வீட்டுக்காரி வந்து, ரிசீவரைக் கையில் வாங்கி, பேசாமல் என்னைப் பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கணவரை மாடிக்குப் போகச் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, தெருவில் நின்றேன். வெயில் ஏறியிருந்தது. உள்ளேயிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றேன்.