வளையல் இல்லாத கை

பிள்ளைகளே, உங்கள் அத்தை தாதி வேலை படிக்கப் போன காலத்தில் நான் ஆஸ்பத்திரியையும் நம்பவில்லை, அங்கே பயிற்சிப் பெண்களை மேய்க்கும் தலைமைத் தாதி, அந்தப் பெரிய மிஸியையும் நம்பவில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்குச் சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, படிப்பும் சொல்லித் தருகிறார்கள் என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் லீவுக்குப் பாகான் டாலாமில் நம் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையிலும் வளையல் இல்லை. உங்கள் அம்மா வாசலிலேயே மறித்து, "கல்யாணத்துக்கு முன்னாடியே இந்தக் கோலமா?" என்றாள்.

"அங்க போடக்கூடாது அண்ணி" என்று சொல்லிவிட்டு அத்தை குளிக்கப் போய்விட்டாள்.

பக்கத்துக் கடைக்காரர் கேள்விப்பட்டுச் சிரித்தார். "இன்னிக்கு வளையல். அப்புறம் பொட்டு. கடைசில பேரையே மாத்தி ஞானஸ்நானம் குடுத்துருவாங்க, பாத்துக்கிட்டே இருலா."

அது மனசில் முள்ளாய்க் கிடந்தது. அடுத்த ஞாயிறு படகேறி அக்கரையில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெற்றியில் பொட்டு இல்லையென்றால் அப்போதே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டி வந்துவிடுவது என்று முடிவு.

பொட்டு இருந்தது. நான் வந்திருக்கிறேன் என்று ஆள் போய்ச் சொன்ன பிறகு வைத்ததோ என்று உற்றுப் பார்த்தேன். காலையில் வைத்ததுதான், வியர்வையில் ஓரம் கரைந்திருந்தது.

பெரிய மிஸியிடம் விசாரித்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, அத்தைதான் இங்கிலீஷில் சொன்னாள். நான் நீளமாகக் கேட்டேன், இவள் நாலு வார்த்தையில் முடித்தாள். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"நான் கேட்டது அத்தனையும் சொன்னியா?"

"சொல்ற மாதிரி இருந்ததைச் சொன்னேன்."

மிஸி நகர்ந்ததும், "உன் வளையலைக் கழட்டினது யாரு? உண்மையைச் சொல்லு" என்றேன்.

"நான்தான் அண்ணே. மொத நாளே கழட்டச் சொன்னாங்க. அண்ணி திட்டுவாங்கன்னு சட்டைக் கைக்குள்ள ஏத்தி மறைச்சு வச்சிருந்தேன். வெந்நீர் கொட்டி வெந்துபோன ஒரு குழந்தையைத் தூக்கறப்ப ஒண்ணு உடைஞ்சு, அது புண்ணுலயே விழுந்துருச்சு. ஒவ்வொரு சில்லா எடுத்தேன். அது கத்துன கத்து…"

பிறகு, "இன்னொரு தடவை தப்பு நடந்தா அனுப்பிருவாங்க. நீங்க கூப்பிட்டாலும் நான் வந்துதான் ஆகணும். கூப்பிடத்தானே வந்தீங்க?" என்றாள்.



"அண்ணிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ இரு" என்றேன். அதோடு விட மனசில்லாமல், "பொட்டை மட்டும் எவ சொன்னாலும் அழிக்காத" என்றேன்.

"சரிண்ணே. படகைப் பாருங்க, போயிரும்."

வெளியே வந்தவன் நேரே படகுத்துறைக்குப் போகவில்லை. மதிலை ஒட்டிப் பின்பக்கம் நடந்து, பயிற்சிப் பெண்கள் தங்கும் கட்டடத்தின் பின்கதவை, வெளி ஆள் யாரும் நுழைய முடியுமா என்று கையால் தள்ளிப் பார்த்தேன். உள்ளே தாழ் போட்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், தோளைக் கொடுத்து இன்னொரு தரம் தள்ளினேன்.