மலைப் பெண்களின் பிரஷர்

வெள்ளிமலைக்கு நர்ஸாகப் போன முதல் மாதம், என் பிரஷர் கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். எந்தக் கர்ப்பிணிக்குப் பார்த்தாலும் தொண்ணூறுக்கு அறுபது. என் கையில் கட்டிப் பார்த்தேன், நூற்றிருபதுக்கு எண்பது. கருவியில் பழுதில்லை. நான் கீழே சமவெளியில் தியாகதுருகத்துக்காரி. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அவ்வளவு குறைவாகப் பார்த்த ஞாபகம் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன்.

“மலை ஜனங்க உடம்பு வாகு அப்படிம்மா. ஏன்னு எனக்கும் சரியாத் தெரியாது. மயக்கம் கியக்கம் இல்லன்னா பயப்படாதே” என்றார்.

மறு வருஷம் ஐப்பசியில் ஒரு பெண் வந்தாள். தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து புருஷனோடு நடந்தே வந்திருந்தாள். அவள் அட்டையில் முந்தைய மூன்று தடவையும் தொண்ணூறுதான். அன்று நூற்றிருபத்தாறுக்கு எண்பத்துநாலு. உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். இரண்டு கூடியிருந்தது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி நூற்றுநாற்பதைத் தொட்டால்தான் ஆபத்து. கீழ்நாட்டுப் பெண்ணாக இருந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பேன்.

“தல வலிக்குதா?”

“ரெண்டு நாளா வலிச்சிக்கினுதான் கீது நர்சம்மா. பனிதானே” என்று சிரித்தாள்.

சிறுநீரைக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். மேல்பாகம் மோர்போல வெளுத்தது. சிறுநீரில் உப்பு இறங்குகிறது என்று அர்த்தம்.

“உடனே கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்” என்றேன்.

புருஷன் தயங்கினான். “கீழ கூட்டிக்கினு போனா வயித்த அறுத்துடுவாங்கன்னு எங்கம்மா சொல்லுது.”

“இப்படியே விட்டா ஜன்னி வந்துடும்.”

“நிச்சயமா சொல்றீங்களா?”

“நிச்சயம்” என்றேன். எனக்குத் தெரியாது. கள்ளக்குறிச்சியில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால், அந்த ஊரில் இனி ஒருத்தியும் என்னிடம் கை நீட்டமாட்டாள்.

ஆஸ்பத்திரி ஜீப்பில் அவளை நடுவில் உட்காரவைத்தோம். வலிப்புக்கு முன்னால் கண்ணிமை துடிக்கும் என்பதால், ஒவ்வொரு வளைவிலும் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கள்ளக்குறிச்சியில் லேடி டாக்டர் பார்த்தபோது நூற்றுமுப்பது. “இதுக்கா இவ்ளோ தூரம் இறக்கிட்டு வந்தே?” என்றார்.

“மேடம், இவளுக்கு எப்பவும் தொண்ணூறுதான்.” அட்டையை நீட்டினேன். சிறுநீரில் உப்பு இருப்பதையும் சொன்னேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “சரி, படுக்க வை” என்றார்.

மதியம் மூன்று மணி இருக்கும். “கண்ணுல மின்னுது நர்சம்மா” என்றாள். நான் குரல் கொடுப்பதற்குள் பல் கிட்டி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஊசி போட்டு, வலிப்பு அடங்கியதும் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். புருஷன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அவன் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோகூட இல்லை, ஆனால் அழுதது. தாய் இரண்டாம் நாள் கண் திறந்து, “நான் எங்க கீறேன்?” என்று கேட்டாள்.

மலைக்குத் திரும்பியதும் பழைய அட்டைகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பெண்களுக்குத் தொண்ணூறிலிருந்து நூற்றிருபதைத் தாண்டியிருந்தது. பக்கத்தில் ‘நார்மல்’ என்று என் கையெழுத்து.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். முதல் பெண் நல்லபடியாகப் பெற்று, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்தவள் வீடு பூட்டிக் கிடந்தது. “பிள்ள பெக்கத் தாய் வூட்டுக்குப் போயிட்டா” என்றார்கள். அந்த ஊருக்கு இரண்டு மலை ஏறி இறங்க வேண்டும். வழியெல்லாம் எதிரே யார் வந்தாலும், கெட்ட சேதி சொல்லத்தான் வருகிறார்களோ என்று இருந்தது.

அவள் கொல்லையில் சாமை அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாறைமேல் உட்காரவைத்துக் கையில் கட்டினேன். ஸ்டெதஸ்கோப்பில் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. காற்றை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். நூறுக்கு அறுபத்தாறு.

“இன்னா நர்சம்மா, மூஞ்சி இப்பிடி வெளுத்துப் போச்சி?” என்றாள்.

அவள் பக்கத்திலேயே பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன்.