ஏழாம் உறையின் ஒட்டு

2022 செப்டம்பர் 14: இரண்டு உறைகள், ரூ. 1,84,000
2023 ஜூன் 5: நான்கு உறைகள், ரூ. 3,92,000
2024 பிப்ரவரி 19: ஏழாம் உறை, ரூ. 1,06,500
2024 ஜூலை 8: எட்டாம் உறை, ரூ. 0

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், ரயில் பாதையை ஒட்டித் தேவகுமாரின் ரப்பர் பட்டறை இருக்கிறது. நகரத்தில் ஒரு சின்ன கம்பெனி, முப்பது நாற்பது கிலோ எடையுள்ள செயற்கைக்கோள்களை மேலே கொண்டுபோய்ச் சுற்றவிடுவதற்காக ஒரு சிறு ராக்கெட்டை உருவாக்கிவருகிறது. அதன் மேலடுக்கு மோட்டாருக்கு இடுப்பளவு உயரமுள்ள ஓர் உலோக உறை உண்டு. எரிபொருள் எரியும்போது அந்த உறை உருகாமல் காப்பது அதன் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ரப்பர். அதை ஒட்டிக்கொடுப்பது எங்கள் பட்டறை. மேலே உள்ளவை அதற்கு வந்த தொகைகள். தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு பட்டறையின் பதிவுகளை எழுதிவருபவன் நான். கடைசி வரியில் ஏன் பூஜ்யம் என்று கேட்பவர்களிடம் லேகாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

லேகா ஆரியங்கோட்டுக்காரி. அப்பா ராஜையா ரப்பர் வெட்டுத் தொழிலாளி. கணவன் சஜி ஆட்டோ ஓட்டுகிறான், ஒரு மகள் பள்ளியில் படிக்கிறாள். பட்டறைக்கு வந்த ஆறாம் மாதமே ரப்பர் ஷீட்டை அளவாக வெட்டும் வேலை அவளிடம் போயிற்று. கை நடுங்காது, அவசரப்படமாட்டாள்.

எண்ணெய் பட்ட இடத்தில் ரப்பர் ஒட்டாது. அதனால் எங்கள் பட்டறைப் பெண்கள் வேலைநாட்களில் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. சனிக்கிழமை மாலை வைத்து, ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் குளித்துவிடுவார்கள். "ஆட்டோக்காரன் உனக்கு எண்ண வாங்கித் தரமாட்டேண்ணுட்டானா பிள்ளே?" என்று பஸ்சில் கேட்பார்களாம். லேகா சிரித்துவிடுவாள். அந்த விதியை அவள் ஒருநாளும் மீறியதில்லை.

ஏழாம் உறைக்கு வெட்டிய அன்று மத்தியானம் மின்சாரம் போயிற்று. குளிர் அறையில் இருந்த ஷீட் இளகி, கத்தியோடு ஒட்டி இழுத்தது. லேகா கத்தியை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கல்லில் தீட்டினாள். ஷட்டருக்குப் போட வைத்திருந்த தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டு அலகில் தடவி, துணியால் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள். ரப்பர் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் கட்டியை அறுப்பதற்கு முன் ராஜையா செய்வது இதுதான். சிறுவயது முதல் அவள் பார்த்தது. தலையில் வைப்பதுதான் அவளுக்கு எண்ணெய். கத்தியில் தடவியது அவள் கணக்கில் கத்தி தீட்டுவதோடு சேர்ந்தது. அந்தக் கத்தியால் கடைசித் துண்டின் ஓரத்தை வெட்டினாள். துண்டுகளை உறைக்குள் ஒட்டினார்கள். ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த உலையில் வேகவைத்தார்கள். ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. உறை கம்பெனிக்குப் போய், எரிபொருள் நிரப்பப்பட்டு, சோதனைத் திடலுக்குச் சென்றது. மார்ச் 22 வெள்ளிக்கிழமை காலை அதை எரித்துப் பார்ப்பதாக இருந்தது.

வியாழக்கிழமை, பழைய கழிவுச் சாக்குகளை ஒதுக்கும்போது லேகாவின் கை நின்றது. வேகாத ரப்பர்த் துண்டுகள் சாக்கில் கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். எல்லாச் சாக்குகளும் அப்படித்தான் இருந்தன. ஏழாம் உறையின் சாக்கில் மட்டும், மேலே கிடந்த நாலைந்து துண்டுகள் தனித்தனியாக விழுந்தன. இரண்டை எடுத்து ஓரத்தோடு ஓரம் வைத்து அழுத்தினாள். கையை எடுத்ததும் பிரிந்தன.

கூட வேலை செய்யும் ஷீனா பக்கத்தில் நின்று, "தூசி பட்டிருக்கும் யக்கா. கெட்டி எறியுங்க," என்றாள்.

"மணந்து பாரு."

ஷீனா மணந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஸ்கேன் எல்லாம் பாஸாச்சுல்லா? பேசாத இருங்க. நீங்க வாயத் தொறந்தா பட்டறையப் பூட்டுவாவ, கேட்டியளா. எனக்கு ரெண்டு பிள்ளைய உண்டு."

லேகா துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே தேவகுமாரின் மேசைக்கு வந்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை. துண்டுகளை வாங்கி அழுத்தினார், பிரித்தார், மறுபடி அழுத்தினார்.

"தொடச்சேன்னு சொன்னியே?"

"தொடச்ச கத்தியாக்கும் சாரே இத வெட்டினது."

"எத்தன எடத்துல?"

"ஒரு ஒட்டு. உறையோட அடிவாய்க்குப் பக்கத்துல."

இரண்டு பரப்பும் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், ஒட்டாவிட்டாலும் ஸ்கேனில் தெரியாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். எரியும்போது அந்த ஓரத்தில் வாயு புகுந்தால் ரப்பர் உரியும். பின்னால் உள்ள உலோகம் ஓட்டையாகும். மேசைக்குப் பின்னே ஜன்னல் வழியாக ஆட்டோகிளேவ் தெரிந்தது. அதற்கு வாங்கிய கடனில் பாதிகூட அடையவில்லை.

"இந்த லோண யாரு அடைப்பா? நீயா?"

லேகா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அப்போது போன் அடித்தது. கம்பெனியின் இளம் என்ஜினீயர் ஜித்தின். தேவகுமார் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, நாளைக்கு ஒம்பது மணிக்காக்கும். பாக்க வாறியளா? நானும் அபிலாஷும் கிட்டத்துக் கட்டடத்துல கேமராகிட்ட நிப்போம். உங்களுக்கும் ஒரு எடம் போட்டிருக்கேன்."

லேகா போனுக்குக் கை நீட்டினாள். தேவகுமார் கொடுக்கவில்லை.

"மக்கா," என்றார், "நாளைக்கு வேண்டாம். ஒரு ஒட்டுல எண்ண பட்டிருக்கு."

மறுமுனையில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எந்த ஒட்டு?"

எரிபொருள் நிரப்பிய மோட்டாரைத் திறந்து சரிசெய்ய முடியாது. எரித்துத் தீர்ப்பதுதான் வழி. திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்து, லேகா சொன்ன இடத்துக்கு வெளியே உறையின்மேல் வெப்பமானிகளை ஒட்டினார்கள். கிட்டத்துக் கட்டடத்தில் ஆள் நிற்க வேண்டாம் என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை பட்டறையில் யாரும் ஒரு வேலையும் செய்யவில்லை. லேகா முற்றத்தில் தீட்டுக்கல்லின் பக்கத்தில் நின்றாள். அவளோடு யாரும் பேசவில்லை. பத்து மணி கழிந்து ஜித்தின் கூப்பிட்டான்.

"முப்பத்தினாலாவது செகண்டுல ஓட்ட விழுந்து வெடிச்சுது அண்ணா. ஆளுக்கு ஒண்ணும் இல்ல. கிட்டத்துக் கட்டடத்துச் செவுரு போச்சு."

"எங்க விழுந்துது?"

"அந்த யக்கா சொன்ன எடத்துலதான்."

தேவகுமார் போனை வைத்துவிட்டு, கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு மூன்று மாதம் கம்பெனியிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பெண்களில் இருவர் நெய்யாற்றின்கரையில் துணிக்கடைக்குப் போனார்கள். போகும்போது ஒருத்தி லேகாவைப் பார்த்து, "சத்தியவதிக்கு நல்லா இருக்கட்டு," என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். லேகா கடன் தவணையைப் பற்றி என்னிடம் ஒருமுறை கேட்டாள். சொன்னேன். அதன்பின் கேட்கவில்லை. தேவகுமார் அவளை வெட்டும் மேசையிலிருந்து மாற்றியிருந்தார். வந்த சில்லறை வேலைகளுக்கு ஷீனாதான் வெட்டினாள்.

ஜூன் கடைசியில் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏழாவதற்குப் பதிலாக ஓர் உறைக்குக் கூலி வாங்காமல் ரப்பர் ஒட்டித் தர வேண்டும். எரிபொருள் முழுதாக எரிந்து தீரும்வரை அது தாங்கினால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் இத்தோடு சரி.

தேவகுமார் லேகாவைக் கூப்பிட்டார். "எட்டாவத நீ வெட்டு."

"எனக்குக் கை வராது சாரே. ஷீனா வெட்டட்டு."

"வேற யாரும் உன்னளவு பயப்படமாட்டாவ. அதுக்காக்கும் உன்னச் சொல்லுகது."

வெட்டிய அன்று ஷீனா பக்கத்தில் நின்று, லேகாவின் நெற்றி வியர்வை ஷீட்டில் விழாமல் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசித் துண்டில் கத்தி பாதி ஓடியிருந்தபோது மின்விசிறி நின்றது. மின்சாரம் போய்விட்டது. லேகா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னும் ஒரு சாணுதான் உண்டு யக்கா. முடிச்சிருங்க."

"இளகும்."

பாதி வெட்டிய ஷீட்டைப் பலகையோடு தூக்கிக் குளிர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு லேகா கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். தேவகுமார் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார்; உறையை மறுநாள் அனுப்ப வேண்டும். மின்சாரம் வந்து, அறை பழையபடி குளிர்ந்து, அவள் எழுந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மீதியை வெட்டினாள். கழிவில் இரண்டு துண்டை எடுத்து அழுத்தி, தேவகுமாரிடம் நீட்டினாள். அவர் இழுத்தார். ரப்பர் நீண்டது, ஒட்டு விடவில்லை.

அந்த உறையை ஆகஸ்டில் எரித்தார்கள். எரிபொருள் தீரும்வரை நின்றது. ஆறியபின் அறுத்துப் பார்த்தபோது எல்லா ஒட்டும் அதனதன் இடத்தில் இருந்ததாக ஜித்தின் சொன்னான். லேகா அதைக் கேட்டுவிட்டு, முற்றத்திலிருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்துத் தன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஷட்டர் இப்போது திறக்கும்போதெல்லாம் கிறீச்சிடுகிறது.

ஆறு உறைகளுக்கு ஆர்டர் என்றும், அவற்றில் ஒன்று முதல் ராக்கெட்டோடு மேலே போகும் என்றும் கம்பெனி எழுதிய கடிதம் பட்டறைக்கு வந்து சேர்ந்தது 2024 செப்டம்பர் 27 அன்று.